தோலைத் தொடாத வெளிச்சம்

இந்த வருடம் மாசி மாதத்தில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு புது மெஷின் வந்து இறங்கியது. புற்றுநோய்க்குக் கரண்ட் வைத்த இடத்தில் தோலும் சதையும் ஆறேழு மாதம் கழித்து இறுகிப்போகும். அந்த இறுக்கத்தை வெளிச்சம் காட்டி இளக்குகிற மெஷின் அது. பெட்டியைப் பிரித்து மேசைமேல் வைத்த அன்று, அதை இயக்கப்போகிற ஷபானா என்னிடம் வந்தது. கோரிப்பாளையத்திலிருந்து வேலைக்கு வருகிற பெண். எதையும் தெரிந்துகொள்ளாமல் விடாது.

"முத்தண்ணே, இதே மாதிரி மெஷின் இங்க முன்னாடியே ஒரு தடவ வந்துச்சாமே. அப்புறம் ஏன் திருப்பி அனுப்புனாங்க?"

"வந்துச்சும்மா" என்றேன். யாரோ கூப்பிட்டதுபோல எழுந்து வெளியே போய்விட்டேன்.

அடுத்த மாதமே முதுகுத்தண்டு வலிக்காக விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. வழியனுப்பும்போது, ஆண்டு மலருக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் வேர்த்துவிடும். ஆனால் எழுதும்போது எதிரே யாரும் இல்லை. ஷபானாவுக்கு நான் சொல்லாமல் விட்ட மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். காளவாசலுக்கு மேற்கே இருக்கும் அந்த ஆஸ்பத்திரியில் கோபால்ட் அறைக்கு உதவியாள். கரண்ட் வைப்பது என்று ஜனங்கள் சொல்வது அங்கேதான் நடக்கும். கரண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது கண்ணுக்குத் தெரியாத கதிர். அது வெளியே வந்துவிடக் கூடாது என்று சுவரை இரண்டு முழ அகலத்துக்குக் கட்டியிருந்தார்கள். கதவைத் தள்ள உடம்பு முழுவதும் சாய வேண்டும். நோயாளிகளை வரிசையாக உட்காரவைப்பது, உள்ளே கூட்டிப்போய்ப் படுக்கவைப்பது, கதிர் பட வேண்டிய இடத்தைக் காட்டத் தோலில் ஊதா மையில் போட்ட கோட்டை அழிக்காமல் குளிக்கச் சொல்வது, இவையெல்லாம் என் வேலை.

அங்கே நானாக ஏற்படுத்திய பழக்கம் ஒன்று உண்டு. மார்பில் நோய் வந்த பெண்கள் மேலாடை இல்லாமல் படுக்க வேண்டும். டாக்டரும் டெக்னீஷியனும் கோட்டைப் பார்த்து மெஷினை நேராக்கிவிட்டு வெளியே போவார்கள். கதவு மூடுகிற வரை அந்த அம்மாக்கள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருப்பார்கள். எனக்குப் பார்க்கப் பொறுக்காது. ஒருநாள் பெரிய டாக்டரிடம், மெல்லிசான துணி ஒன்றை மேலே போர்த்தலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சிரித்தார். "போத்து முத்து. சாதாரணச் சுவரே தடுக்க முடியாத கதிரை உன் துணியா தடுக்கப்போகுது?" என்றார். அன்றிலிருந்து வெள்ளை மல் துணியைத் துவைத்து மடித்து வைத்திருப்பேன். கோடு பார்த்து முடிந்ததும், முகத்தைத் திருப்பிக்கொண்டு போர்த்திவிடுவேன். எத்தனையோ அம்மாக்கள் அந்தத் துணிக்காக என்னைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். என் வேலையில் நான் பெருமைப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான்.

பெரிய டாக்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சௌராஷ்டிரக் குடும்பத்துக்காரர். வீட்டிலிருந்து போன் வந்தால் அவர்கள் பாஷையில் இரண்டே வார்த்தை பேசி வைத்துவிடுவார். நோயாளி நிற்கும்போது உட்காரமாட்டார். தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால் இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். பிறகு மூன்று விரலின் முதுகால் தழும்பைச் சுற்றி அழுத்தி, கண்ணை மூடிக்கொள்வார். திறந்ததும் ஒரே வார்த்தைதான் சொல்வார். ஒன்று "பலகை." இல்லையென்றால் "மெத்தை." இறுகிக் கிடந்தால் பலகை, இளகியிருந்தால் மெத்தை. எங்களுக்கும் அந்தப் பேச்சே பழகிவிட்டது. யாரையும் திட்டமாட்டார். வேலை சரியில்லை என்றால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைப்பார். வேலைக்காரர்கள் சொல்வதை அப்படியே நம்புவார்.

கரண்ட் வைத்து நோய் போய்விட்டது என்று சந்தோஷமாகப் போனவர்கள், ஒரு வருடம் கழித்துத் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். கழுத்து திரும்பாது. கை தோளுக்கு மேல் ஏறாது. உயிர் பிழைத்தவர்கள் அதைப் பெரிய குறையாகச் சொல்லக் கூச்சப்படுவார்கள். டாக்டர் பலகை என்று சொல்லிவிட்டு, எண்ணெய் தேய்க்கவும் கையை நீட்டி மடக்கவும் சொல்லி அனுப்புவார். அதற்கு மேல் அவரிடம் வேறு வைத்தியம் கிடையாது.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. என்னைக் கோபால்ட் அறையிலிருந்து பிசியோதெரபி அறைக்கு மாற்றினார்கள். அந்தச் சமயத்தில்தான் ஒரு கம்பெனி ஏஜென்ட் லேசர் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்தார். மூன்று மாதம் வைத்துப் பாருங்கள், பலன் இருந்தால் வாங்குங்கள் என்று விட்டுவிட்டுப் போனார். தையல் மெஷின் பெட்டி அளவுதான் இருக்கும். அதிலிருந்து ஒரு வயர், வயர் நுனியில் தடித்த பேனா மாதிரி ஒன்று. அமுக்கினால் முனையில் சிவப்பாகக் குங்குமப் பொட்டு அளவு வெளிச்சம் வரும்.

பிசியோதெரபிஸ்ட் கலா மேடம் செய்முறையை வகுத்தார். கதவைச் சாத்தி வெளியே எச்சரிக்கைப் பலகை மாட்ட வேண்டும். நோயாளிக்கும் நமக்கும் பச்சைக் கண்ணாடி. இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காய்ந்த பிறகு பேனாவைச் செங்குத்தாக வைக்க வேண்டும். ஒரு புள்ளிக்கு ஒரு நிமிடம். பீப் சத்தம் வந்ததும் ஓர் அங்குலம் தள்ளி அடுத்த புள்ளி. ஒரு ஆளுக்குப் பன்னிரண்டு புள்ளி, ஒன்றுவிட்டு ஒருநாள். நோய் திரும்பவில்லை என்று பெரிய டாக்டர் பார்த்து எழுதினால்தான் மெஷின் பக்கமே வர முடியும். அப்படி எழுதி வந்தவர்கள் நாலே பேர். கழுத்து இறுகிய ஆண்கள் மூன்று பேர், மார்பில் கரண்ட் வைத்த ஜெயசீலி டீச்சர் ஒருவர்.

ஆண்களுக்கு நானே வைப்பேன். சட்டையைக் கழற்றிவிட்டு உட்காருவார்கள். காலர் இடைஞ்சல் என்றுதான் கழற்றுகிறார்கள் என நான் நினைத்துக்கொண்டிருந்தேன். டீச்சருக்கு வைக்கும்போது மேடமும் டீச்சரும் திரைக்கு உள்ளே இருப்பார்கள். நான் வெளியே நின்று, மேடம் சொல்லும்போது பட்டனை அமுக்குவேன். உள்ளே என்ன செய்தார்கள் என்று நான் பார்த்ததே இல்லை.

ஆண்களில் ஒருவன் திருவாதவூர் சோலை. விவசாயி. கழுத்து வலப்பக்கம் திரும்பாது. உடம்பு முழுவதையும் திருப்பித்தான் பேசுவான். மூன்று வாரம் வைத்ததுமே தாடைக்கும் தோளுக்கும் நடுவில் இருந்த இடைவெளி இரண்டு விரல்கடை குறைந்தது.

"மாப்ள, பக்கத்து வயக்காரன் எம்புட்டு நாளா என் தண்ணியத் திருப்பிக்கிட்டு இருந்திருக்கான் தெரியுமா? இப்பத்தான் கழுத்தத் திருப்பிப் பாத்தேன். இந்த வெளக்க இன்னுங் கொஞ்சம் அமுக்கு, அந்தப் பக்கத்து வயலும் தெரியட்டும்" என்பான்.

பக்கத்தில் காத்திருக்கும் ஜெயசீலி டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

டீச்சருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுப்பவர். வலது மார்பை எடுத்துவிட்டு, கரண்ட் வைத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அக்குளுக்கு முன்னால் இருக்கும் சதை கயிறுபோல முறுக்கிக்கொண்டு, வலது கை தோள் மட்டத்துக்கு மேல் ஏறவில்லை. கரும்பலகையின் மேல் பாதியில் எழுத முடியாது. தேதியையும் பைபிள் வசனத்தையும் ஒரு பிள்ளையை ஸ்டூலில் ஏற்றி எழுதவைப்பார். கீழ்ப் பாதியில் குனிந்து அவர் எழுதினால் பின் வரிசைக்குத் தெரியாது. தலைமை ஆசிரியை நல்லவர்தான். இந்த வருடம் முடிகிற வரை பொறுத்துக்கொள்வதாகவும், கை அப்படியே இருந்தால் வரும் வருடம் விடுதியின் சாமான் அறைக்கு மாற்றவேண்டி வரும் என்றும் சொல்லியிருந்தார். சம்பளம் குறையாது. ஆனால் டீச்சருக்குக் கல்யாணம் ஆகவில்லை. வகுப்பு ஒன்றுதான் அவருக்கு எல்லாம்.

"சாமான் ரூம்ல அரிசியும் பருப்புந்தாண்ணே இருக்கும். அதுக கேள்வி கேக்காது" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு சோலை பேச்சுக்குச் சிரிக்கிற சிரிப்பு இல்லை.

அறையின் மேற்குச் சுவரில் கலா மேடம் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். டீச்சர் சுவரைப் பார்த்து நின்று, வலது கை விரல்களை எறும்பு ஏறுவதுபோல மேலே நகர்த்திக்கொண்டு போக வேண்டும். வலி நிறுத்துகிற இடத்தில் பென்சிலால் கோடு, பக்கத்தில் தேதி. முதல் கோடு அவர் தோளுக்கு நேரே இருந்தது. மூன்று வாரத்தில் கோடு நாலு விரல்கடை ஏறியது. கரும்பலகையின் மேல் விளிம்பு எந்த உயரம் என்று டீச்சர் பள்ளியில் அளந்து வந்து, அந்த உயரத்தில் சிலுவைபோல ஒரு சின்னக் குறி போட்டுவைத்திருந்தார். கோடு அந்தக் குறிக்குப் போய்ச் சேர இன்னும் ஒரு முழம் இருந்தது.

அந்த நேரத்தில் கலா மேடம் பிரசவ விடுப்பில் போனார். பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, ஆண்களுக்கு நீயே வை, டீச்சருக்கு மட்டும் வார்டிலிருந்து நர்ஸைக் கூப்பிட்டு வைக்கச் சொல் என்றார். சரி என்றேன்.

டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு நாலரை மணிக்கு வருவார். வார்டில் நர்ஸுகள் ஷிஃப்ட் மாறுகிற நேரம் அது. முதல் நாள் போய்க் கேட்டேன், இதோ வாரேன் என்றார்கள், வரவில்லை. இரண்டாம் நாள் போய் நின்றேன், ஒரு நர்ஸ், "இது வேறயா?" என்று அலுத்துக்கொண்டார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மூன்றாம் நாள் நான் கேட்கப் போகவே இல்லை.

அறையில் டீச்சர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் வீணாகியிருந்தது. எனக்கு டீச்சர் என்றாலே எழுந்து நிற்கிற பழக்கம். அவரிடம் போய் மேலாடையை விலக்குங்கள் என்று சொல்ல என் நாக்கு எப்படிப் புரளும்? அப்போது எனக்கு அந்த வெள்ளைத் துணி ஞாபகம் வந்தது. சாதாரணச் சுவரே தடுக்க முடியாத கதிரை உன் துணியா தடுக்கும் என்று டாக்டர் சொன்னதும் ஞாபகம் வந்தது. ஆனாலும் ஒரு சந்தேகத்துக்கு, பேனா முனையில் என் கைக்குட்டையைப் போட்டு உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். சிவப்புப் பொட்டு கைக்குட்டையைத் தாண்டி உள்ளங்கையில் விழுந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

"சட்டையக் கழட்ட வேணாம் டீச்சர். அப்படியே படுங்க. வெளிச்சம் துணியத் தாண்டிப் போகும்" என்றேன்.

டீச்சர் என்னை ஒரு நொடி பார்த்தார். "மேடம் கழட்டச் சொல்லுவாங்களேண்ணே" என்றார்.

"அவங்க பொம்பள. அதனால சொல்லியிருப்பாங்க" என்றேன்.

டீச்சர் மூச்சை விட்டார். அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று எனக்குத் தெரிந்தது. படுத்துக்கொண்டார். நான் மல் துணியைப் போர்த்தி, பச்சைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சட்டைக்கு மேலே துணி, துணிக்கு மேலே பேனா என்று வைத்தேன். ஸ்பிரிட் பஞ்சு சுத்தத்துக்குத்தான் என்று நினைத்து அதை விட்டுவிட்டேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். பன்னிரண்டு பீப். முடிந்ததும் டீச்சர், "ஸ்தோத்திரம்ணே, பெரிய உபகாரம் செஞ்சீங்க" என்றார். அன்று சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது மனசு லேசாக இருந்தது.

இப்படியே ஏழு வாரம்.

நடுவில் ஒருநாள் பேனாவை வைத்தபோது முனை மெத்தென்று உள்ளே இறங்கியது. அடுத்த நாளும் அப்படித்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யாரிடமும் தானாகப் போய்ப் பேசாத நான், பெரிய டாக்டர் அறைக்கே போய், "சார், டீச்சருக்கு மெத்தை ஆயிருச்சு" என்றேன். அவர் எழுந்து என் தோளைத் தட்டினார். "அப்ப கேக்குது. நடுவுல நான் வந்து கையக் காலை ஆட்டிக் கெடுக்கல. மூணு மாசம் முடியட்டும், மொத்தமாப் பாத்துக்கறேன்" என்றார்.

மெத்தென்று இருந்தது சதை இல்லை. சட்டையைக் கழற்ற வேண்டியதில்லை என்றானதும், டீச்சர் பள்ளிக்கு வைத்துக்கொள்ளும் பஞ்சுத் திண்டை எடுக்காமலேயே வர ஆரம்பித்திருந்தார். எடுத்த இடம் வெளியே தெரியாமல் இருக்க அவரே தைத்து வைத்திருந்த திண்டு அது. அவ்வளவு நாளும் நான் பஞ்சுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அது தெரியாது. அந்தப் பக்கம் நான் பார்த்ததே இல்லையே.

சுவரில் கோடு நின்றுவிட்டது. தேதி மட்டும் ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரே கோட்டின் பக்கத்தில் குவிந்தது. டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு விரல்களை ஏற்றுவார். அதே இடத்தில் நிற்கும். கோடு போடுகிற எனக்குக் கை கூசும். ஒருநாள் கொஞ்சம் மேலே தள்ளிப் போட்டேன். டீச்சர் திரும்பிப் பார்த்து, "அண்ணே, பரீட்சைப் பேப்பர்ல கருணை மார்க் போடுறவ நான் இல்ல. அழிச்சுட்டுச் சரியாப் போடுங்க" என்றார். அழித்துச் சரியாகப் போட்டேன்.

சோலைக்கோ கழுத்து முக்கால்வாசி திரும்பிவிட்டது. கடைசி நாள் அன்று பொரி கடலை வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தான். டீச்சரிடம், "ஒங்களுக்கும் கேக்கும் டீச்சர். எனக்கே கேட்டுருச்சு, படிச்சவங்களுக்குக் கேக்காதா?" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மூன்று மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. அன்று மழை. கரண்ட் போய்விட்டதால் மெஷின் ஓடவில்லை. டீச்சர் சும்மா உட்கார்ந்திருந்தார். மெஷின் மூடியின் உள்பக்கம் ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இவ்வளவு நாளாக இதைத் திறந்து மூடுகிறேன், என்னதான் எழுதியிருக்கிறது என்று நான்தான் கேட்டேன். பொழுது போக வேண்டுமே என்று கேட்டது. அவர் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து வைத்து, வகுப்பில் படிப்பதுபோல ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னார். கண்ணில் படக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு வைக்கக் கூடாது. சிவப்பு வெளிச்சம் இடத்தைக் காட்டத்தான், வேலை செய்கிற வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. அடுத்த வரியைப் படித்தார். தமிழில் சொல்லவில்லை.

"என்ன டீச்சர் போட்டிருக்கு?"

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"வெறுந்தோல்ல ஒட்டி வைக்கணுமாம்ணே. நடுவுல துணியோ, பஞ்சோ, எதுவும் இருக்கக் கூடாதாம்."

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முந்தானையை இழுத்து வலப்பக்கம் மூடிக்கொண்டார். அப்போதுதான் அந்தத் திண்டைப் பற்றிச் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

"நீங்க மட்டும் இல்லண்ணே. எனக்கும் மேடம் எப்படி வச்சாங்கன்னு தெரியும்ல. கேட்டுருக்கணும். கழட்டச் சொல்லிருவீங்களோன்னு பயந்து கேக்காம இருந்துட்டேன்."

நான் பெரிய டாக்டரிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். டீச்சர் வேண்டாம் என்றார். நர்ஸ் இல்லாமல் வைத்ததற்கு எனக்கு வேலை போய்விடும் என்றார். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள் இருப்பது அவருக்குத் தெரியும். மிச்சமிருக்கும் நாளிலாவது சரியாக வைத்துப் பார்ப்போம் என்றார். அவர் சொன்ன காரணத்தை நான் உடனே பிடித்துக்கொண்டேன். அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. அவர் வேண்டாம் என்று சொல்வதற்காகவே சொல்லிவிடுகிறேன் என்றேனோ என்னவோ.

மறுநாள் வார்டுக்குப் போய், அலுத்துக்கொண்ட அதே நர்ஸின் முன்னால் நின்று, அவர் எழுந்து வருகிற வரை நகரவில்லை. மூன்று மாதத்தில் அன்றுதான் முதல்முறையாக அப்படி நின்றேன். அதற்குக் கால் நாழிகைகூட ஆகவில்லை. அந்த வாரம் மூன்று முறை தோலில் பட்டது. மூன்றாம் நாள் டீச்சர் விரலை ஏற்றினார். கோடு அரை விரல்கடை மேலே போனது. நிஜமாகப் போனது. அவர் என்னைப் பார்த்தார். நான் தேதியைப் போட்டேன்.

சனிக்கிழமை பெரிய டாக்டர் வந்தார். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, திரைக்கு உள்ளே போனார். நான் வெளியே நின்றேன். பிறகு அந்த வார்த்தை வந்தது.

"பலகை."

வெளியே வந்து சுவரைப் பார்த்தார். குவிந்திருந்த தேதிகளை விரலால் தடவினார். கடைசிக் கோட்டைப் பார்த்து, அரை விரல்கடை கணக்கில் வராது என்றார். என் பக்கம் திரும்பி, "நீ மெத்தைன்னு சொன்னியே முத்து?" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன். திரைக்கு உள்ளே டீச்சர் உடை மாற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் பேசுவது அவருக்கும் கேட்கும்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றவில்லை. அவருக்கு என்மேல் கோபமே இல்லை. "நல்லாகணும்னு ஆசப்பட்டா அப்படித்தான் தோணும். எனக்கும் தோணியிருக்கு" என்று சொல்லி, என் முதுகில் கை வைத்துவிட்டுப் போனார். அந்தக் கை வைத்த இடம் ரொம்ப நாள் கனத்துக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை ஏஜென்ட் வந்தார். கழுத்துக்குக் கேட்கிறது, மார்புக்குக் கேட்கவில்லை, எங்களுக்கு வருகிற கூட்டத்தில் மார்பு நோயாளிகள்தான் அதிகம் என்று டாக்டர் சொன்னார். மெஷினை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். வயரைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தது நான்தான். மூடியைச் சாத்தும்போது அந்தத் தாளைப் பார்த்தேன். அப்போது வாயைத் திறந்திருந்தால்கூடப் போதும். இன்னும் மூன்று மாதம் கேட்டு வாங்கியிருப்பார். பெட்டியை ஆட்டோ வரைக்கும் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் டீச்சரைச் சாமான் அறைக்கு மாற்றினார்கள். ஆஸ்பத்திரிக்கு வருடா வருடம் காட்ட வருவார். என்னைப் பார்த்தால், "நல்லாருக்கீங்களாண்ணே?" என்பார். வகுப்பைப் பற்றிப் பேசமாட்டார்.

நாலைந்து வருடம் கழித்துப் பெரிய டாக்டர் ஓய்வு பெற்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். துணி, கைக்குட்டை, பஞ்சு, தாள், ஒன்றையும் விடவில்லை. அவரும் எழுந்து நின்றார். எதிரே இருப்பவர் நிற்கும்போது உட்காராத பழக்கம் அவருக்குப் போகவில்லை. வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"இதுக்கு அப்புறம் எம்புட்டுப் பேருக்கு நான் இது மார்புக்கு ஆகாதுன்னு சொல்லியிருக்கேன் தெரியுமா?" என்றார். என்னிடம் கேட்டதுபோல இல்லை.

தோலில் பட்டிருந்தால் டீச்சருக்குக் கை ஏறியிருக்குமா என்று கேட்டேன். அதைக் கேட்கத்தான் போயிருந்தேன்.

"தெரியாது முத்து. அதத் தெரிஞ்சுக்கத்தான் அந்த மூணு மாசம்" என்றார்.

இனி ஷபானாவுக்கு. அந்த மெஷின் திரும்பிப் போனதற்கு மெஷின் காரணம் இல்லையம்மா. நீ கெட்டிக்காரி, மூடியில் ஒட்டியிருப்பதை நீயே படித்துக்கொள்வாய். கூச்சப்படுகிற பெண்கள் உன்னிடமும் வருவார்கள். அவர்களுடைய கூச்சத்துக்கு நீ ஒத்துப்போனால் அவர்கள் உன்னைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அந்தக் கும்பிடை வாங்கிக்கொள்ளாதே.

வேலையை விட்ட பிறகு, போன வாரம் டவுன் பஸ்ஸில் ஜெயசீலி டீச்சரைப் பார்த்தேன். இடது கையால் மேல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார். எழுந்து இடம் கொடுத்தேன். அடுத்த நிறுத்தத்தில் பக்கத்து இடம் காலியானதும் என்னை உட்காரச் சொன்னார். டாக்டரிடம் சொல்லிவிட்டதை அப்போது சொன்னேன்.

"எதுக்குண்ணே போய்ச் சொன்னீங்க?" என்றவர், ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார். "என்ன சொன்னாரு?"

"தெரியாதுன்னாரு டீச்சர்."

"அந்தக் கடைசி வாரத்து அரை விரக்கடைய நான் மறக்கலண்ணே. சாமான் ரூம்ல ஒரு அலமாரி இருக்கு. அதுல கைய ஏத்தி, பென்சில்ல கோடு போட்டு அப்பப்பப் பாப்பேன்" என்றார்.

கோரிப்பாளையத்தில் இறங்கினார். பஸ் கிளம்புகிற வரை ஓரமாக நின்று, ஜன்னலில் என்னைத் தேடினார். பார்த்ததும், போய் வாருங்கள் என்பதுபோல வலது கையைத் தூக்கினார். கை தோள் வரைக்கும் வந்தது. அதற்கு மேல் நாலு விரல்கடை ஏறியது. அங்கேயே நின்றது. அந்த உயரம் எனக்குத் தெரியும். தேதிகளெல்லாம் குவிந்து கிடந்த இடம் அதுதான்.